மூன்று மலை, ஒரு முக்கோணம்

கரிசலில் நட்ட கல் நட்ட இடத்தில் நிற்பதில்லை. பங்குனி, சித்திரையில் மண் வெடித்துப் பாளம் பாளமாகப் பிரியும். வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகும். சில இடங்களில் கம்பை விட்டால் அடி தட்டாது. ஐப்பசி மழை இறங்கியதும் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பி, வெடிப்பையெல்லாம் மூடிக்கொள்ளும். இந்த மண்ணில் இருக்கிற களியின் குணம் அது. ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் நிலத்தில் சர்வே கல் முதலில் சாயும், அப்புறம் இறங்கும், அப்புறம் தலை மட்டும் தெரியும், ஒருநாள் டிராக்டர் கொழுவில் மாட்டி வெளியே வரும். வந்த கல்லை உழுகிறவர் தூக்கிப் புஞ்சை எல்லையான பொழியில் போடுவார். எந்தப் பொழியில் போட்டார் என்பதில் வழக்கு ஆரம்பிக்கும்.

இந்த மண்ணில் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். சொந்த ஊர் குளத்தூர். விளாத்திகுளம் தாலுகாவில், கடலுக்குப் பக்கமாக, மேடு என்று காட்ட எதுவுமில்லாத ஊர். கம்பும் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விளைகிற புஞ்சை. தாண்டினால் உடைமரமும் பனையும். அதையும் தாண்டினால் உப்பளம். சின்ன வயதில் உயரம் என்றால் எங்களுக்குப் பனைதான். ஒரத்தநாட்டு சர்வே பயிற்சி நிலையத்தில் முதன்முதலாகத் தியோடலைட்டில் கண் வைத்தபோது, "தூரத்தில் அசையாத ஒன்றைப் பிடி, அதிலிருந்து ஆரம்பி" என்று வாத்தியார் சொன்னார். எங்கள் ஊரில் எதைப் பிடிப்பது என்று அன்றைக்கே யோசனை வந்துவிட்டது.

வேலைக்கு வந்து கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு என்று சுற்ற ஆரம்பித்த பிறகுதான் விடை கிடைத்தது. இந்தப் பக்கத்தில் மலைகள் உண்டு. தொடர்ச்சியாக இல்லை, தட்டையான கரிசலுக்கு நடுவே ஒன்றொன்றாகத் தனியே நிற்கும். சின்னதாக இருந்தால் பொத்தை என்போம். மண்ணுக்குக் கீழே கிடக்கிற கடும்பாறைதான் தேய்ந்தது போக அங்கங்கே மிஞ்சித் தலை நீட்டியிருக்கிறது. அதில் கோயில் கட்டியவர்கள், சமணப் படுக்கை வெட்டியவர்கள், கொடி நட்டு அளந்தவர்கள் என எல்லாரும் அது அசையாது என்பதை நம்பித்தான் ஏறினார்கள்.

என்னோடு அந்த மலைகளில் நடக்கிறவர் ஒரே ஆள். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். சர்வீஸில் எனக்குச் செயின் பிடித்தவர். அரசாங்கத் தாளில் அவர் களப்பணி உதவியாளர்; ஊரில் எல்லாருக்கும் செயின்மேன். வயதில் என்னைவிட மூத்தவர். வேலையில் இருந்த காலம் முழுக்க என்னைச் "சார்" என்றுதான் கூப்பிட்டார், எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை. நான் ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி, காப்பி போடச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து நான் தம்பி.

செயின் என்று சொன்னால் இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. குண்டர் செயின் 66 அடி, அதில் நூறு லிங்க். பத்துச் சதுரச் செயின் ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். எட்மண்ட் குண்டர் என்கிற ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு. மெட்ரிக் வந்து ஹெக்டேர், ஏர் என்று பட்டாவில் அச்சடித்தும், சென்டை நாம் விடவில்லை. கரிசலில் பெரியவர்கள் அதற்கும் முந்திய குறுக்கக் கணக்கில்தான் இன்னும் பேசுகிறார்கள்.

செயினின் முன்தலையைப் பிடிக்கிறவர் கையில் பத்துக் கம்பி இருக்கும். ஒரு செயின் முடிந்ததும் ஒரு கம்பியை மண்ணில் குத்திவிட்டு முன்னே போவார். பின்தலைக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். பத்தும் பின்னவர் கைக்கு வந்தால் பத்துச் செயின் ஆயிற்று. செம்மண்ணில் இது சுலபம். கரிசலில் கோடையானால் கம்பி வெடிப்புக்குள் போய்விடும். மழையானால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு கட்டி மண் ஏறும். அண்ணாச்சி வெடிப்பை ஒட்டிய கெட்டிக் கட்டியாகப் பார்த்துக் குத்தி, கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். சீமைக்கருவேலம் மண்டிய பிறகு கோடு வெட்டவே பாதி நாள் போயிற்று. முள்ளுக்குள் குப்புறப் படுத்து அந்தக் கோடியில் ரேஞ்சிங் ராடு தெரிகிறதா என்று பார்ப்பார். "இடது… இன்னும் இடது… நிப்பாட்டு." அந்தக் குரலை நம்பித்தான் எத்தனையோ பொழிகள் இந்தத் தாலுகாவில் முடிவாகியிருக்கின்றன.

தகராறுள்ள கல்லை வைத்துத் தகராறைத் தீர்க்க முடியாது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டு பேர் ஒரு கல்லைக் காட்டிச் சண்டை போட்டால், சர்வேயர் அந்தக் கல்லை விட்டு விலகிப் போக வேண்டும். அதற்கடுத்த கல், அதுவும் சந்தேகம் என்றால் அதற்கடுத்தது, கடைசியாக மூன்று ஊர் எல்லை கூடுகிற முச்சந்திக் கல். அங்கிருந்து புலப்படத்தில் இருக்கிற ஜி-லைன் என்கிற அளவுக்கோட்டைப் பிடித்து, ஆஃப்செட் போட்டு, படிப்படியாகச் சண்டைக்காரர்களிடம் திரும்பி வர வேண்டும். முச்சந்திக் கல்லும் கரிசலில் நின்றால் அதையும் முழுசாக நம்ப முடியாது. கிணற்றுக் கட்டு, கோயில் மூலை, பாலத்துச் சுவர் என்று தேடுவோம். எல்லை ஒரு பாறை மேல் ஏறி இறங்கினால் எங்களுக்குப் பெரிய தெம்பு. பாறையில் உளி வைத்து வெட்டிய குறி நூறு வருடமானாலும் அங்கேயே இருக்கும்.

இந்தத் தெம்பைக் கண்ணால் பார்க்கத்தான் மார்கழியில் மலை ஏறுகிறோம். வேறு நோக்கமில்லை. கோவில்பட்டி கதிரேசன் மலை, குருமலை, கழுகுமலை. மூன்றையும் வரைபடத்தில் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ஒரே பகலில் மூன்று உச்சியிலும் நின்று, ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இரண்டையும் பார்த்து, கோணம் எடுக்க வேண்டும். இடையில் இருக்கிற சமவெளிக்கு என் பைக். ஏற்றத்துக்குக் கால்.

மார்கழிதான் இதற்குச் சரியான மாதம். வடகிழக்குப் பருவமழை கோடையின் தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். தரை இன்னும் ஈரமாக இருப்பதால் கானல் எழும்பாது. கோடையில் பத்து மணிக்கு மேல் தொலைநோக்கியில் பார்த்தால் தூரத்துக் கம்பம் நெளியும், இரண்டாகத் தெரியும், சில நேரம் காற்றில் மிதக்கும். அதை வைத்துக் கோணம் எடுக்க முடியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் இந்தியாவை அளந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பகலை விட்டுவிட்டு இரவில் விளக்கு வைத்து அளக்கும் முறைக்குப் போனார். மார்கழியில் ஒரே கஷ்டம், பகல் குட்டை. எங்கள் பக்கத்தில் பதினொன்றரை மணி நேரம்தான் வெளிச்சம்.

எந்த மலைக்கு எப்போது என்பதைச் சூரியன்தான் தீர்மானிக்கும். பார்க்கிற பொருள் மேல் வெயில் நேராக விழ வேண்டும், சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கழுகுமலை மேற்கே இருக்கிறது. ஆகவே காலையில் கோவில்பட்டியில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், சாயங்காலம் கழுகுமலையில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். குருமலைக்கு நடுப்பகல். இந்த வரிசையைப் போட்டது அண்ணாச்சி.

கதிரேசன் மலை உயரமில்லை. படியேறினால் முருகன் கோயில். விடியற்காலை திருப்பள்ளியெழுச்சி ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது, கோலமாவு வாடையோடு ஊர் விழித்துக்கொண்டிருந்தது. கீழே ரயில் பாதை, தீப்பெட்டி ஆபீஸ்கள், 1901-லிருந்து மானாவாரிப் பயிரைப் பற்றி ஆராய்ந்து வரும் வேளாண் பண்ணை. ஆறரை மணி தாண்டிச் சூரியன் எங்கள் முதுகில் பட்டதும், மேற்கே கழுகுமலையின் மொட்டைப் பாறை வெளிச்சம் வாங்கித் துலக்கமாக வந்தது. அதற்கும் பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. பிரிஸ்மாட்டிக் காம்பஸை எடுத்தேன். நான் சொல்லுமுன்பே அண்ணாச்சி தன் செல்போன், என் செல்போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார். காந்த முள்ளுக்குப் பக்கத்தில் இரும்போ ஸ்பீக்கரோ இருந்தால் அது பொய் சொல்லும். கழுகுமலைக்கு ஒரு பார்வை, குருமலைக்கு ஒரு பார்வை, இரண்டையும் குறித்துக்கொண்டு இறங்கினோம்.

குருமலை காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வனக்காவலர் ஒருவர் துணைக்கு வர, போனோம். அய்யனார் கோயில் வரைக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்தது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வருகிற கூட்டம் மிதித்து உண்டாக்கியது. அதற்கு மேல் முள். உசிலை, வெடத்தலை, காரை, சூரை, இண்டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாகச் சட்டையைப் பிடிக்கும். மார்கழி என்பதால் எல்லாம் பச்சை. பாறை இடுக்கில் பிரண்டை கொடி ஓடிக் கிடந்தது. வெயில் இருந்தும் காற்று குளிர்ந்துதான் அடித்தது.

அண்ணாச்சி ஏறுகிற விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் நேராக ஏற மாட்டார். முதலில் உச்சியில் ஒரு அடையாளத்தைப் பிடிப்பார், அப்புறம் நடுவழியில் ஒன்று, அப்புறம் பக்கத்தில் ஒன்று. மூன்றும் ஒரே நேரில் இருக்கும்படி பார்த்துக்கொண்டே வளைந்து வளைந்து போவார். முள் மறித்தால் விலகிவிட்டு மறுபடியும் அந்த நேருக்கு வந்துவிடுவார். செயின் பிடித்த கால் அது. வழி தவறுகிற பேச்சே இல்லை.

பாதி ஏற்றத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று சரிவில் நின்று எங்களைப் பார்த்தது. வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். குட்டிகளும் இருந்தன. அழகுதான். ஆனால் மலையடிவாரத்துப் புஞ்சைக்காரரிடம் போய் அழகு என்று சொல்ல முடியாது. புரட்டாசியில் மழையை நம்பி விதைத்து, முளைத்து, பாசியும் உளுந்தும் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது இரவில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போகின்றன. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றி. 2018-க்குப் பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு வேறு. கீழே பார்த்தால் பொழியோரமெல்லாம் பழைய சேலையைக் கிழித்து வேலி கட்டியிருந்தார்கள். காட்டுக்கும் புஞ்சைக்கும் நடுவே காப்புக்காட்டு எல்லைக் கல் இருக்கிறது. மானுக்கு அந்தக் கல் தெரியாது. நஷ்டஈட்டு மனுவில் சர்வே எண்ணும் பரப்பும் கேட்பார்கள். சேதமான பரப்பைச் சரியாக எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு போகமாவது தாங்கும். சர்வேயர் சென்ட் கணக்கில் கவனமாக இருப்பது இதற்காகவும்தான்.

குருமலை ஒற்றை உச்சியல்ல. ஒரு முகடு ஏறினால் அடுத்தது தெரியும். மேல் முகட்டில் நின்றபோது கரிசல் முழுக்கக் கீழே விரிந்தது. நெடுஞ்சாலை, இடைசெவல் பக்கத்துக் கண்மாய்கள், கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள். மழைக்காலம் என்பதால் கண்மாய்களில் தண்ணீர் கிடந்தது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் அந்த மரக்கூட்டத்துக்குள் இருக்கிறது என்று வனக்காவலரிடம் காட்டினேன். புலப்படத்தில் ஒவ்வொரு எண்ணாக, ஒவ்வொரு உட்பிரிவாக நான் வருடக்கணக்கில் பார்த்த நிலம் இங்கிருந்து ஒரே துண்டாகத் தெரிந்தது. பொழி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மனசுக்கு எவ்வளவோ இதமாக இருந்தது.

கம்பஞ்சோறும் பருப்புத் துவையலும் கட்டிக் கொண்டுபோயிருந்தோம். கடைசியில் ஆளுக்கொரு துண்டு கடலைமிட்டாய். பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது லாம்டன் கதையைச் சொன்னேன். அண்ணாச்சிக்கு அது ஏற்கெனவே தெரியும், வனக்காவலருக்காகச் சொன்னேன்.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் செயின் போட்டு அளக்க ஆரம்பித்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கே தொடங்கியது. முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களை நடக்காமலே கணக்கிடலாம். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்துக் குமரிப் பக்கம் புன்னை வரை வந்தார். வேலை சரியாக வருகிறதா என்று பார்க்க இடையிடையே புதிய அடிக்கோடுகள் அளந்தார். திருநெல்வேலிச் சீமையிலும் ஒன்று அளந்தார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. மலையுள்ள இடத்தில் மலைமேல் ஏற்றினார். மலையில்லாத காவிரிப் படுகையில், தென்னையும் பனையும் பார்வையை மறைத்ததால், கோயில் கோபுரங்களில் ஏற்றினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று. வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதை நிமிர்த்தினார். 1823-இல் வேலையின் நடுவிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் அதைத் தொடர்ந்து இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய் 1841-இல் முடித்தார்.

"அரை டன்னை யாரு தூக்குனா?" என்று வனக்காவலர் கேட்டார்.

"எங்க ஆளுங்கதான்" என்றார் அண்ணாச்சி. அதில் பெருமை இருந்தது.

உண்மை. கலாசிகள் என்று ஒரு சொல்லோடு ஏடுகளில் முடிந்துபோனவர்கள் தூக்கினார்கள். காட்டில் கோடு வெட்டி, உச்சியில் கொடி பிடித்து, காய்ச்சலில் விழுந்தார்கள். பெயர் தெரிந்தவர்கள் சிலரே. ஆற்காட்டுக்காரர் சையத் மோசின் உசேன் எவரெஸ்டின் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர். அவர் பெயரைத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்னையில் 1794-இல் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னால் கிண்டி பொறியியல் கல்லூரியாயிற்று. இந்தத் தொழிலுக்கு இந்த மண்ணில் அவ்வளவு வயது இருக்கிறது.

இறங்கும்போது அண்ணாச்சி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவருடைய மருமகன் புஞ்சையில் கல் தகராறு. ரோட்டவேட்டர் ஓட்டும்போது கல் வெளியே வந்துவிட்டது. பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒரு இடத்தைக் காட்டுகிறார், மருமகன் ஒரு இடத்தைக் காட்டுகிறார். வித்தியாசம் ஒன்றரை அடி. "ரெண்டு பேரும் நல்லவுகதான் தம்பி. பொய் சொல்லல. ரெண்டு பேருமே நெசமாத்தான் சொல்லுதாக. அதான் எனக்கு வெசனமா இருக்கு." எந்தக் கல்லிலிருந்து அளப்பது என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். யோசிக்க வேண்டிய கேள்வி அது.

கழுகுமலைக்குப் போகும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஊருக்குள் மலையைக் குடைந்த கழுகாசலமூர்த்தி கோயிலில் ஒரு கும்பிடு. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனுக்குத்தான். பிறகு மலைப்பாதை.

மலைமேல் இருக்கிற வெட்டுவான் கோயிலைப் பற்றிக் கலை தெரிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அளவுக்காரனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், மலைச் சரிவை வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒரே பாறையைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேலிருந்து கீழே. கட்டுகிறவன் கீழிருந்து மேலே போகிறான். அஸ்திவாரம் கோணினால் அடுத்த வரிசையில் திருத்திக்கொள்ளலாம். இங்கே முதலில் முடிகிறது சிகரம். முதல் உளி விழுமுன் நடுப்புள்ளி எங்கே, நான்கு மூலை எங்கே, கீழே தரை எந்த மட்டத்தில் வரும் என்று எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். தூக்குக்குண்டும் கயிறும் தண்ணீர் மட்டமும்தான் கருவிகள். அடித்தளம் முடியாமல் நின்றுவிட்டது. அது நமக்கு லாபம். மேலே மெருகேறிய சிற்பம், கீழே உளி பட்ட கரடு என்று வேலை நடந்த வரிசை அப்படியே தெரிகிறது. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பார்க்கிறவர்கள், கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி அந்தக் கரடையும் பார்க்க வேண்டும். எனக்கு அங்கேதான் அந்தத் தச்சர்கள் நெருக்கமாகிறார்கள்.

இன்னொரு பக்கம் சமணப் பள்ளி. பாறை முகம் நெடுகத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக, பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி என. ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரும் ஊரும். குயவர், தச்சர், ஆசிரியர், மாணவர் என்று அன்றைய மனிதர்கள் ஊர்ப்பெயரோடு நிற்கிறார்கள். பெயரையும் ஊரையும் இடத்தையும் சேர்த்து எழுதி வைப்பதுதான் என் தொழிலும். அங்கே நின்றால் பதிவேட்டின் முன் நிற்கிற மரியாதை எனக்கு வரும். ஆயிரத்து இருநூறு வருடத்துக்குப் பிறகும் அந்தப் பதிவு நகரவில்லை.

கழுகுமலை நினைவுச்சின்னமாக இருப்பதால் தப்பித்தது. குருமலை காப்புக்காடாக இருப்பதால் தப்பித்தது. இரண்டும் இல்லாத பொத்தைகளுக்குக் காவல் இல்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் எல்லை பிடிக்க ஏறிய பாறைகளில் சில இன்று ஜல்லியாகிச் சாலைக்கடியில் கிடக்கின்றன. அவை இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளம். பாறை போனால் அதில் வெட்டிய குறியும் போகும். அப்புறம் நாலு ஊர் எல்லைக்கு ஆதாரம் கரிசலில் சாய்ந்து நிற்கிற கல் மட்டும்தான். மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். சமணப் படுக்கையும் குடைவரையும் பறவையும் சுனையும் சேர்ந்து ஒரு மலையைக் காப்பாற்றின. படுக்கையும் சிற்பமும் இல்லாத வெறும் பொத்தைக்கும் ஒரு காவல் வேண்டும் என்று நான் கேட்கிறேன். எல்லைக் குறியுள்ள பாறைக்குக் குவாரி உரிமம் கொடுக்குமுன் அந்தக் குறியை அளந்து வேறிடத்துக்கு மாற்றிப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இப்போது ரோவர் வந்துவிட்டதே, கல் எதற்கு என்று இளம் சர்வேயர்கள் கேட்கிறார்கள். ரோவர் என்கிற டி.ஜி.பி.எஸ். கருவி ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அருமையான கருவி. ஆனால் நாம் நிற்கிற இடத்தைத்தான் அது சொல்லும். தாத்தா காலத்தில் கல் எங்கே நின்றது என்பது அதற்குத் தெரியாது. பழைய புலப்படம் கல்லுக்குக் கல் எடுத்த அளவு. அதைப் புதிய ஆயத்தொலைவோடு பொருத்த வேண்டுமானால், அன்றும் இன்றும் அதே இடத்தில் இருக்கிற சில புள்ளிகள் வேண்டும். கரிசலில் அது பாறைதான்.

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு ஏறிச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. கழுகுமலையின் தீர்க்கரேகை 77 டிகிரி 42 நிமிடம். மத்தியப் பிரதேசத்தில் கல்யாண்பூரில் இந்திய அளவை முழுவதற்கும் மூலப்புள்ளியாக எவரெஸ்ட் வைத்த நிலையம் 77 டிகிரி 39 நிமிடம். வித்தியாசம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அதாவது இந்த உச்சியில் நின்று வடக்கே முகம் வைத்தால், ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் தள்ளி, நமக்கு நேராக அந்த நிலையம் இருக்கிறது. தெற்கே அதே நேரில் குமரி. லாம்டனும் எவரெஸ்டும் தெற்கு வடக்காக அளந்த பேர்வளைவு நம் காலடியை ஒட்டிப் போகிறது. குளத்தூர்ப் பையனுக்கு அன்று வாத்தியார் பிடிக்கச் சொன்ன அசையாத பொருள் இந்தக் கோட்டில்தான் இருந்தது. அந்த நேரில் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

கிழக்கே வெயில் நேராக விழுந்தது. குருமலை எளிதில் அகப்பட்டது. கதிரேசன் மலை கட்டடங்களுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் நடுவே மறைந்துகொண்டது. அண்ணாச்சி நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு டவர் ஒட்டி நிக்குதுல்லா, அதுக்கு வலப்பக்கம் ஒரு வெள்ளை." பைனாகுலரில் பார்த்தேன், சரிதான். கண்புரை அறுவை செய்த கண் அது.

கோணங்களைக் கூட்டினேன். 180-க்கு அரை டிகிரி குறைந்தது. காம்பஸ் அரை டிகிரி வரைக்கும்தான் படிக்கும், ஆகவே குறை சொல்வதற்கில்லை. ஆனால் இருபது கிலோமீட்டர் தூரத்தில் அரை டிகிரி என்றால் நூற்றெழுபது மீட்டர். ஒரு ஊரே நகர்ந்துவிடும். அதே தூரத்தில் ஒரு வினாடி பிசகினால் பத்து சென்டிமீட்டர். பெரிய தியோடலைட்காரர்கள் வினாடிக்கும் கீழே போனார்கள். அந்த நுட்பத்தில் அளந்தால் கூட்டுத்தொகை 180-க்கு மேலேயே வரும், ஏனென்றால் பூமி உருண்டை. சுமார் இருநூறு சதுர கிலோமீட்டர் முக்கோணத்துக்கு ஒரு வினாடி கூடும். கரிசலில் நின்றால் தட்டையாகத் தெரிகிற பூமியின் வளைவு, மூன்று மலையுச்சியில் எடுத்த கோணத்தின் கடைசி இலக்கத்தில் வந்து நிற்கிறது. இதைவிடப் பெரிய ஆச்சரியத்தை என் தொழில் எனக்குக் காட்டவில்லை.

படியிறங்கும்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வந்தேன். மருமகன் ஊருக்கு வடக்கே ஒரு பொத்தை இருக்கிறது, அதன் முதுகில் முச்சந்திக் குறி. நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் அங்கிருந்து ஜி-லைன் இழுத்திருக்கிறோம். அந்தப் பொத்தை இன்னும் நிற்கிறதா என்று கேட்டேன்.

"நிக்கி. மேக்குச் சரிவைத்தான் வெட்டிருக்காக. குறி கெழக்க இருக்கு."

"அப்படின்னா அதிலிருந்தே வரச் சொல்லலாம் அண்ணாச்சி. பக்கத்துக் கல் எதையும் தொட வேண்டாம்."

இ-சேவை மையத்தில் எல்லை அளக்கக் கேட்கிற எஃப்-லைன் மனுவை மருமகன் மட்டும் போடாமல், பக்கத்துப் புஞ்சைக்காரரையும் கூட்டிப் போய்ச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். கட்டணம் பாதிப் பாதி. வெளியே வந்த கல்லை யாரும் திரும்ப நடக் கூடாது. தாலுகா சர்வேயர் அளக்க வருகிற அன்று அண்ணாச்சி பொத்தைக்கு முன்னாலேயே போய், குறி மேல் படர்ந்த முள்ளை வெட்டித் துலக்கி வைக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்தவர்களில் அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். மனுவை அறுவடைக்கு முன்னால் போட்டால் தை கடைசியில் தேதி கிடைக்கும், அப்போது உளுந்து எடுத்து நிலம் வெறுமையாக இருக்கும், வெடிப்பும் விட்டிருக்காது. பேருந்து நிலையத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டே மருமகனுக்குப் போன் போட்டோம். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் அவர் சொல்லச் சொல்ல, காம்பஸ் கோணங்களுக்குக் கீழே எழுதிக்கொண்டேன்.